காகிதத்துக்கு முன்னே வரும் பிள்ளை

சேலையூரிலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் இந்த மாலை நேரத்து நெரிசலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தச் சிரமத்துக்குத் தகுந்த ஒரு காரியத்தைத்தான் பேச வந்திருக்கிறேன்.

பெற்றெடுக்காத ஒரு கைக்குழந்தை நம் சபைக் குடும்பம் ஒன்றுக்குள் வருகிறது. அதை எப்படி வரவேற்கப் போகிறோம்? இதுதான் என் தலைப்பு. அந்தக் கணவனும் மனைவியும் எப்படி வரவேற்பார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நாம் எப்படி வரவேற்கப் போகிறோம்? பெரியம்மா, சித்தி, அத்தை, மாமா, ஞாயிறு பள்ளி ஆசிரியை, பக்கத்து பெஞ்சில் உட்காருகிற அக்கா, நாம் என்ன செய்யப் போகிறோம்?

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். குழந்தை வீட்டுக்கு வருகிற அன்றைக்கு அது சட்டப்படி அவர்கள் பிள்ளை ஆகிவிடுவதில்லை. டில்லியில் இருக்கும் காரா என்ற மத்திய அமைப்பில் பதிவு செய்து, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதி, முறை வந்ததும் குழந்தையைப் பற்றிய விவரம் வரும். ஒத்துக்கொண்டால் சிறப்புத் தத்துவள மையத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்ப்பார்கள். பிறகு பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள். அந்தக் கட்டத்துக்குப் பெயர் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு. ஆணை பின்னால் வரும். முன்பெல்லாம் அந்த ஆணைக்கு நீதிமன்றம் போக வேண்டும். 2021இல் இளைஞர் நீதிச் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே ஆணை தரலாம் என்று மாற்றினார்கள். தாம்பரத்துக்காரர்களான நமக்கு அது செங்கல்பட்டு ஆட்சியர். ஆக, பிள்ளை முதலில் வருகிறது, காகிதம் பிறகு வருகிறது. இந்த இடைவெளியில்தான் நம் குணம் தெரியும்.

இந்த இடைவெளியில் என்ன பேசுகிறோம்? "பேப்பர் எல்லாம் வரட்டும், அப்புறம் வந்து பாக்குறோம்" என்கிறோம். "ரொம்ப ஒட்டிக்காதீங்க, நாளைக்குத் திரும்பக் கேட்டா கஷ்டம்" என்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் மூன்று மாதக் குழந்தைக்கு ஆட்சியர் ஆணை தெரியுமா? தன்னைத் தூக்குகிற கை முழு மனசோடு தூக்குகிறதா, அரை மனசோடு தூக்குகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை இப்படித்தான் வந்தாள். அவள் பெயரையும் எந்த இல்லத்திலிருந்து வந்தாள் என்பதையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவள் கதை. சொல்வதா வேண்டாமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த முதல் இரவைச் சொல்லலாம். அறையை இருட்டாக்கி, சத்தமில்லாமல் வைத்து, புதுத் தூளி கட்டி, அதில் போட்டோம். தூங்கவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தபடியே கிடந்தாள். அழாத பிள்ளை என்று என் மாமியார் சந்தோஷப்பட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுநாள் அந்த மையத்து ஆயாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, இங்க ராத்திரி முழுக்க டியூப் லைட் எரியும். பத்துத் தொட்டில் வரிசையா இருக்கும். ஒண்ணு அழுதா இன்னொண்ணு அழும். அந்தச் சத்தத்துலயே பழகிட்டா. தூளியில நாங்க போட்டதே இல்ல" என்றார். அன்று இரவு விளக்கைப் போட்டு வைத்தோம். ரேடியோவை மெதுவாகப் பாட விட்டோம். ஆயா கொடுத்தனுப்பியிருந்த துணியைத் துவைக்காமல் அவள் தலைமாட்டில் விரித்தேன். அந்த மையத்தின் டெட்டால் வாசமும் பவுடர் வாசமும் அதில் இருந்தது. முகத்தை அதில் புதைத்துக்கொண்டு தூங்கினாள். கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அவள் அழவே ஆரம்பித்தாள். முதல் தடவை வீடு அதிர அழுதபோது நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

இதை ஏன் சொல்கிறேன்? கைக்குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. பழக்கங்களோடு வருகிறது. எந்தப் பால் பவுடர், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் சாய்த்தால் குடிக்கும், யார் குரல் பழக்கம், இதையெல்லாம் ஆயாக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ரயில் சத்தமும் விமானப்படைத் தளத்து விமானச் சத்தமும் நமக்குக் காதில் விழுவதே இல்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தூக்கிவாரிப்போட்டு விழிக்கும். பழகக் கொஞ்ச நாள் கொடுங்கள். இந்த இடத்தில் சபையாருக்கு ஒரு விண்ணப்பம்: முதல் சில வாரம் கும்பலாகப் போய்க் கைமாற்றிக் கைமாற்றித் தூக்காதீர்கள். யார் அம்மா, யார் அப்பா என்று அது படிக்கிற காலம் அது. சாப்பாடு செய்து கொண்டுபோய் வாசலில் கொடுங்கள். பாத்திரத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அன்பானவர்களே, இங்கே உட்கார்ந்திருக்கும் இளைய தலைமுறைக்குத் தெரியாத ஒரு வரலாறு இருக்கிறது. இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கவே முடியாமல் இருந்தது தெரியுமா? 1956இல் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் வந்தது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் அந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம். நமக்கு என்ன இருந்தது? 1890ஆம் ஆண்டு வெள்ளைக்கார அரசு போட்ட பாதுகாவலர் சட்டம் இருந்தது. அந்தச் சட்டப்படி நாம் பிள்ளைக்குக் கார்டியன் ஆகலாம். அப்பா அம்மா ஆக முடியாது. பிள்ளை பெரியவனானதும் அந்த உறவும் சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். உயில் எழுதாமல் கண்ணை மூடினால், பால் ஊட்டி வளர்த்த பிள்ளைக்குச் சொத்தில் உரிமை இல்லை; எங்கோ இருக்கிற பங்காளிகள் வந்து நிற்பார்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் கை நடுங்கிய குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. ஊர் அறியப் பிள்ளை, காகிதத்தில் அந்நியன்.

எல்லா மதத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா 1972இல் வந்தது, நிறைவேறவில்லை. 1980இல் மறுபடி வந்தது, அதுவும் நிறைவேறவில்லை. வழி திறந்தது 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில். 2006இல் அதைத் திருத்தி, தத்தெடுத்த பிள்ளை எல்லா உரிமையோடும் சொந்தப் பிள்ளைதான் என்று தெளிவாக்கினார்கள். ஷப்னம் ஹாஷ்மி என்ற சமூகச் செயற்பாட்டாளர், ஒரு பெண் குழந்தையை வளர்த்துவந்த முஸ்லிம் தாய், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2014 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது: எந்த மதத்தவரும் இந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம். ஒரு முஸ்லிம் சகோதரி வழக்காடியதன் பலனை நம் வீடுகளும் அனுபவிக்கின்றன. அவருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் நன்றி செலுத்தியிருக்கிறோமா? இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஆணை கையெழுத்தான நாளிலிருந்து அந்தப் பிள்ளை எல்லா வகையிலும் அந்தப் பெற்றோரின் பிள்ளை. சொத்துக்கும் பிள்ளை, பெயருக்கும் பிள்ளை.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாம் வந்திருக்கிறோமா?

மனம் விட்டுப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். "யார் பெத்த பிள்ளையோ" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது? "என்ன ஆளுங்களோ" என்ற கேள்வி இருக்கிறது. சாதி இருக்கிறது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்கு பெறுகிறோம், கல்யாணப் பேச்சு என்று வந்தால் பூர்வீகம் விசாரிக்கிறோம். அதே விசாரணையைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடமும் நடத்துகிறோம். நிறத்தைப் பார்க்கிறோம், மூக்கைப் பார்க்கிறோம். ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்று பார்க்கிறோம். இந்தத் தமிழ்நாட்டில்தான் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது. பெண்ணாய்ப் பிறந்த ஒரே குற்றத்துக்குக் கள்ளிப்பால் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்ற, "கொல்லாதே, எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ" என்று ஓர் அரசாங்கமே கையேந்திக் கேட்டது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, வீடு தேடி வந்த பெண்பிள்ளையைப் பார்த்து "பையனா கேட்டிருக்கலாமே" என்று சொல்ல நமக்கு எப்படி நா எழுகிறது?

அடுத்து, பெற்றவளைப் பற்றிய பேச்சு. "எப்படித்தான் மனசு வந்துச்சோ பாவி" என்று வெகு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லாதீர்கள். பிள்ளையை ஒப்படைக்க வருகிற தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மனசு மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொரு ராத்திரியும் அவள் எப்படித் தூங்கியிருப்பாள்? வேதத்தைத் திறந்து பாருங்கள். நாணல் பெட்டிக்குப் பிசின் பூசி மோசேயை நைல் நதியில் விட்டாளே யோகெபேத், அவளைப் பாவி என்கிறோமா? அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் விட்டாள். அந்தக் கதையில் எல்லோரும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறார்கள். பெற்றவள் விடுகிறாள், அக்கா மிரியாம் கரையில் நின்று காவல் காக்கிறாள், அந்நிய ராஜகுமாரி தூக்கி எடுக்கிறாள். பெற்றவளே கூலிக்குப் பால் கொடுக்கிற தாதியாகத் திரும்ப வருகிறாள். தாய் தகப்பன் இல்லாத எஸ்தரை மொர்தெகாய் வளர்க்கவில்லையா? நம் ஆண்டவரையே தச்சன் யோசேப்பு தன் பிள்ளையாக வீட்டில் வைத்து வளர்க்கவில்லையா? இவ்வளவையும் ஞாயிறு பள்ளியில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் மட்டும் இரத்தம் எங்கே என்று தேடுவது நியாயமா?

நம்மில் நிறையப் பேருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டோனாவூரைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். அயர்லாந்தில் பிறந்தவர், கல்யாணமாகாதவர். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். 1901இல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அம்மையார் அவளை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், திட்டம் மாறிப்போனது. பிறகு கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. தாய்ப்பால் இல்லாத பச்சைப் பிள்ளையை அந்தக் காலத்தில் பிழைக்க வைப்பது எவ்வளவு கடினம்! சில பிள்ளைகளை அடக்கம் செய்தார். அழுதார், அடுத்த பிள்ளையை ஏந்திக்கொண்டார். இது மிஷனெரி வேலை இல்லை, ஆயா வேலை என்று பேசியவர்கள் உண்டு. அவர் அசையவில்லை. 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே கண்ணை மூடினார். கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றை அங்கே வைத்து, அதில் அம்மை என்று பொறித்தார்கள். அந்தப் பெயரைத் தர எந்த ஆட்சியரும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒன்றை இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அம்மையார் காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. "எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தர் இருக்காங்க, ஒரு பிள்ளை இருக்காம், கொஞ்சம் பணம் கொடுத்தா போதுமாம்" என்று ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் காதைக் கடிப்பவர்கள் வருவார்கள். அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். அது ஊழியம் இல்லை, பிள்ளை விற்பனை. 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனைக் கும்பல் பிடிபட்ட செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் ஏழு ஆண்டு வரை போகும். தண்டனையை விடுங்கள். அப்படி வந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழே பொய்யாக இருக்கும். உங்கள் அன்பு உண்மையாக இருந்தாலும் அதன் வாழ்க்கையைப் பொய்யின்மேல் கட்டியவர்கள் ஆவீர்கள். எங்காவது ஒரு பிள்ளை கைவிடப்பட்டுக் கிடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். கர்த்தர் என் வாசலில் போட்டார் என்று சொல்லி வீட்டுக்குள் எடுத்துப்போய் வைத்துக்கொள்ள முடியாது.

ஞானஸ்நானத்தைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பிள்ளை வந்த அடுத்த ஞாயிறே வைத்துவிடலாமா? என் கருத்து, ஆணை வரும்வரை பொறுங்கள். அதுவரை அந்தப் பிள்ளை அரசின் பொறுப்பிலும் இருக்கிறது. நம்மை நம்பித் தந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நேர்மையாக நடப்பதும் விசுவாசம்தான். போதகர் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து ஜெபிக்கட்டும். ஸ்தோத்திரக் காணிக்கை படையுங்கள், யார் தடுத்தது? ஆனால் படம் எடுத்துச் சபை வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடவும், அந்த முகம் நாளைக்கு வளர்ந்து, தன்னைப் பற்றி ஊரே முன்கூட்டித் தெரிந்துவைத்திருப்பதைப் பார்க்க வேண்டுமா?

பிள்ளையிடம் எப்போது சொல்வது? சிறு வயதிலிருந்தே சொல்லுங்கள். கதையாகச் சொல்லுங்கள், தூங்க வைக்கும்போது சொல்லுங்கள். கல்யாண வீட்டில் யாரோ ஒரு பாட்டி வாய்தவறிச் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலைமை வரக்கூடாது. எங்கள் மகள் நான்கு வயதில் என்னிடம் கேட்டாள்: "நான் உன் வயித்துலேர்ந்து வரலன்னா எங்கேர்ந்துமா வந்தேன்?" "நாங்க செங்கல்பட்டு ரோட்டுல கார்ல போய் உன்னைக் கூட்டிட்டு வந்தோம்" என்றேன். "கார்ல நான் அழுதேனா?" என்று கேட்டாள். "இல்ல, அப்பாதான் அழுதார்" என்றேன். அதற்குப் பிறகு பல நாள் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பா அழுத இடம் வரும்போதெல்லாம் கைதட்டினாள்.

கைக்குழந்தைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகள்? எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள்? அவர்களைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. அவர்களுக்காகத்தான் வளர்ப்புப் பராமரிப்பு என்ற திட்டம் இருக்கிறது. பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கிறீர்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. 2024இல் வந்த புதிய வழிகாட்டு நெறிகளின்படி திருமணமாகாதவர்களும் வளர்க்கலாம். இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு தத்தெடுக்கவும் வழி இருக்கிறது. முன்பு ஐந்து ஆண்டாக இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியைகள், தனியாக இருக்கும் அக்காமார் இந்தச் சபையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் அவர்களை நினைத்துப் பாருங்கள். அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகளை அவரும் அவர் மனைவியும் தங்கள் பிள்ளைகளைப்போல் கவனித்து வந்தார்கள். பதவி மாறியது, ஊர் மாறியது, உறவு மாறவில்லை. 2022இல் அவர்களில் ஒருவருக்குக் கல்யாணம் நடந்தபோது அவர் குடும்பத்துப் பெரியவராக அங்கே நின்றார். சட்டப்படி தத்து என்று ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு அப்பா இருந்தார்.

நம் ஊரும் இதற்குப் புதிதில்லை. 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். பக்கத்தில் வரவே பயந்த வியாதிக்காரர்களுக்கு இந்த ஊர் இடம் கொடுத்தது. 1993 முதல் அதே ஆஸ்பத்திரி எச்.ஐ.வி. நோயாளிகளை ஏற்றுக்கொண்டது, மற்ற இடங்களில் கதவை மூடிய காலம் அது. தாம்பரத்தில் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் இருக்கிறது. ஒரு வீடு, ஒரு அம்மா, கூடப்பிறந்தவர்களாக வளரும் பிள்ளைகள். 1949இல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய முறை அது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் ஏறியபோது ஆலயத்தைத் திறந்து, யார் எவர் என்று கேட்காமல் பாய் விரித்துக் கொடுத்தவர்கள் நீங்கள். அன்று கேட்காத கேள்வியை ஒரு கைக்குழந்தையிடம் ஏன் கேட்க வேண்டும்?

கடைசியாக, உடனே செய்யக்கூடிய காரியம். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் நம் நடுவிலேயே இருக்கின்றன. பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் விரும்பினால் அவர்களே சொல்வார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் ஒண்ணும் வரலையா" என்று கேட்பதை நிறுத்துவோம். அழைப்பு வந்தால் பதில் சொல்ல அவர்களுக்கு 48 மணி நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் குழந்தையின் மருத்துவ அறிக்கையைப் படித்து விளக்க ஒரு குழந்தை மருத்துவர் தேவைப்படுவார். இந்தக் கூட்டத்தில் மருத்துவர்கள் இருக்கிறீர்கள், உங்கள் போன் எண்ணைப் போதகர் ஐயாவிடம் கொடுத்து வையுங்கள். கார் வைத்திருப்பவர்கள் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகவர ஒருநாள் ஒதுக்குங்கள். குழந்தை வந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வேவு பார்க்க வருகிறார்கள் என்று பயமுறுத்தாதீர்கள், ஒரு காபி கொடுத்து உட்கார வையுங்கள். இந்த வழியில் ஏற்கெனவே நடந்து முடித்த ஒரு தம்பதியர் இன்று பின்வரிசையில் இருக்கிறார்கள். விண்ணப்பம் எப்படிப் போடுவது, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்க விரும்புகிறவர்கள் ஆசீர்வாதம் முடிந்ததும் அவர்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்கள் மகன் ஓடிக்கொண்டே இருப்பான், அவனை யாராவது கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.